பத்தேகால் மணிப் பார்வையாளர்

இது எழுதிப் பழகாத கை. இதைக் கதை என்று சொல்லத் துணிந்தமைக்குப் படிப்போர் பொறுத்தருள வேண்டும். பிழைகள் யாவும் என்னுடையவை. அச்சம் மட்டும் காப்பாளருடையது.

மருத்துவமனையின் படக் காப்பாளர் அன்று காலை கணினித் திரையைப் பார்த்தபடியே தேநீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். இணையச் சேமிப்பில் உள்ள ஸ்கேன் படங்களை யார், எப்போது திறந்தார்கள் என்று காட்டும் பதிவேடு திரையில் இருந்தது. ஒன்பது நாளாக ஒரே தலைப் படம், சரியாகப் பத்தேகால் மணிக்கு, பதினோரு நிமிடம் பார்க்கப்பட்டிருந்தது. பார்த்தவர் அந்த நோயாளியேதான். நோயாளியோ இரண்டாண்டுகளுக்கு முன் காலமானவர்.

பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் மைத்துனர் எட்டிப் பார்த்தார்.

"செத்தவர் ஆசையா வந்து பாக்குறார், பார்த்துட்டுப் போகட்டுமே மாமா."

"விளையாடாதே மாப்ள. தலை ஸ்கேனோட துண்டுப் படங்களை அடுக்கி வச்சா ஆளோட முகமே வந்துடும். எவனோ அவரோட நோயாளி அட்டையைத் திருடி முகத்தை எடுக்கிறான். வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வருது. அன்னைக்கும் இது திறந்துச்சுன்னா என் வேலை போச்சு."

காப்பாளர் கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றினார். மறுநாள் பத்தேகாலுக்குப் படம் திறந்தது. திறக்க முடியாமல் நின்றவர்கள் மருத்துவர்கள் மட்டுமே.

அடுத்து, பெயர்களை அழித்து எண்களை இட்டார். பல் மருத்துவரிடம் யாருடைய முழங்காலோ போய்ச் சேர்ந்தது. "சொத்தை ஏதும் இல்லை" என்று அவரும் எழுதி அனுப்பிவிட்டார். பத்தேகாலுக்குப் படம் திறந்தது. குளிர்சாதனம் ஓடாத அறையில் காப்பாளருக்கு முதுகு சில்லிட்டது.

படத்தையே நீக்கலாமென்றால் விதி குறுக்கே நின்றது: இறந்தவர் படமும் பத்தாண்டு இருக்கவேண்டும். ஆனால், முகத்தோடு இருக்கவேண்டும் என்று விதியில் இல்லை.

ஆகவே முகத்தை மட்டும் மழித்தெடுக்கும் மென்பொருளை வியாழனன்று ஓடவிட்டார். ஒருவருக்கு மட்டும் செய்தால் பாரபட்சமாகுமே என்று நானூற்றுப் பன்னிரண்டு தலைகளுக்கும் செய்தார். நகல்களையும் விடவில்லை. மூக்கு, உதடு, இமை என ஒவ்வொன்றும் திரையில் மெழுகாய் வழிந்து மறைந்தது. கடைசியாகப் போனது பத்தேகால்காரரின் முகம். போகுமுன் அது சற்றே தலையாட்டியதாகக் காப்பாளருக்குத் தோன்றியது.

மாலையில் காது மூக்கு மருத்துவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏம்ப்பா, மூக்கே இல்லாத தலையை வச்சுக்கிட்டு நான் எதை ஆபரேஷன் பண்றது?"

"எல்லாம் பாதுகாப்புக்காகத்தாங்க டாக்டர்."

"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையால்ல இருக்கு!"

வெள்ளிக்கிழமை, பத்தேகால். படம் திறந்தது. ஆனால் பதினோரு நிமிடம் நிற்கவில்லை; நாற்பது விநாடியில் மூடிக்கொண்டது.

"மாமா!" மைத்துனர் பதிவேட்டின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். "கடைசிக் கட்டத்துல 'இடம்'னு ஒண்ணு இருக்கே, பார்த்தீங்களா? இது நம்ம வரவேற்புக் கூடத்துக் கம்ப்யூட்டர்!"

அந்தக் கட்டத்தை அதுவரை இருவருமே பார்த்ததில்லை.

இருவரும் படியிறங்கி ஓடினார்கள். நோயாளிகள் தங்கள் படங்களைப் பார்க்கவென வைத்திருந்த கணினியின் முன் நாற்காலி காலியாக, இன்னும் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. மேசையில் ஒரு சீப்பு கிடந்தது.

"இங்க யாரும்மா உட்கார்ந்திருந்தது?"

வரவேற்பாளர் எழுந்து நின்றார். "ஒரு பெரியவர் சார். பாவம், தினமும் அட்டையைக் காட்டிட்டு வருவார். கண்ணாடி பாக்குற மாதிரி அந்தப் படத்தைப் பார்த்துத் தலை சீவிட்டுப் போவார். இன்னைக்கு என்னவோ, திறந்ததுமே சால்வையால முகத்தை மூடிக்கிட்டு எழுந்துட்டார்."

"முகத்தைப் பார்த்தியா நீ?"

"வாசல்கிட்ட சால்வை விலகுச்சு சார். பார்த்தேன். பார்க்க அங்க ஒண்ணுமே இல்ல சார்."

ஆய்வுக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்ட இழப்புப் பட்டியல் வருமாறு: மூக்கு, நானூற்றுப் பன்னிரண்டு. காது, எண்ணூற்று இருபத்து மூன்று. ஒருவருக்கு முன்பே ஒன்றுதான். காப்பாளர் வேலை, ஒன்று. முகம், படத்தில் நானூற்றுப் பன்னிரண்டு, ஆளில் ஒன்று.