மாப்பிள்ளைப் பாத்திரத்துக்கான விண்ணப்பப் படிவம்

கனடாவில் சாதி ஒழிந்த இடம் வெக்ஸ்போர்ட். ஒழித்தவர் குலசிங்கம். ஆதாரமாகக் கூட்டக் குறிப்பே இருக்கிறது.

நாடக மன்றத் தலைவரான அவர் பொதுக்கூட்டத்தில் எழுந்து, "எங்கடை சனத்தின்ரை மண்டைக்குள்ளை கிடக்கிற ஏற்றத்தாழ்வை இந்தமுறை அடிச்சு நொறுக்கிறம்!" என்று முழங்கினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நொறுக்குவதற்குத் தெரிவான ஆயுதம் ஒரு பழைய பிரெஞ்சு நகைச்சுவை நாடகம். பிரபு வீட்டில்தான் சம்பந்தம் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கும் தகப்பனின் வாயாலேயே கடைசியில் சம்மதம் வாங்கிவிடும் மகளின் கதை. தகப்பனாகக் குலசிங்கம்; மகளாக அவருடைய சொந்த மகள் நிரூபா. காதலனுக்கு மட்டும் விண்ணப்பம் கோரப்பட்டது.

படிவத்தைத் தலைவரே தயாரித்தார். பெயர், உயரம், மனப்பாடத் திறன்: ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. தகப்பனின் ஊர், தாயின் ஊர், அங்கே எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலில் எத்தனையாம் நாள் திருவிழா உபயம்: ஒன்றரைப் பக்கம்.

ஸ்காபரோவில் பிறந்த கீதன் வந்தான்.

"தம்பி, ஊரிலை எவடம்?"

"பதினோராம் மாடி, அங்கிள்."

"அதில்லையடா. எந்தப் பக்கம்?"

"எலிவேற்றருக்கு இடப்பக்கம்."

"உதெல்லாம் ஏனப்பா கேக்கிறியள்?" என்றாள் நிரூபா.

"உச்சரிப்புக்குப் பிள்ளை!"

பெடியன் வசனம் பேசிய அழகில் தலைவர் சொக்கிப்போனார். ஒன்றரைப் பக்கமும் வெறுமையாகவே கோப்புக்குள் போயிற்று.

நாடகத்துக்கு ஒரு கிழமை இருக்கையில் நிரூபா சொன்னாள்: "அப்பா, நானும் கீதனும் கலியாணம் கட்டப்போறம். நீங்கள் ஓம் எண்டால் சந்தோசம்."

"நான் உதொண்டும் பாக்கிற ஆளில்லைப் பிள்ளை" என்றுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார் குலசிங்கம். பார்க்காமல் விடுவதென்றால், எதைப் பார்க்காமல் விடுகிறோம் என்று தெரிய வேண்டாமா? மிசிசாகாவுக்கு நான்கு, பிக்கரிங்குக்கு மூன்று, பாரிஸுக்கு ஒன்று என எட்டு அழைப்புகள். எட்டாவதில் கீதனின் தாய்வழி துலங்கியது.

"என்னப்பா, முகம் கறுத்துப்போச்சு?" என்றார் மனைவி பாலேஸ்வரி.

"நெஞ்சை அடைக்குது."

"டொக்டரிட்டைப் போவமே?"

"வெள்ளைக்கார டொக்டருக்கு உது விளங்காது."

ஞாயிறு பிற்பகல் முந்நூறு பேர் திரண்டார்கள். இறுதிக் காட்சி. மகளின் கையைத் தகப்பன் காதலன் கையில் வைக்க வேண்டும். குலசிங்கம் நிரூபாவின் கையைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார்.

வசனம் எடுத்துக்கொடுக்கும் இராஜரட்ணம் திரைக்குப் பின்னால் பதறினார். "அண்ணை, குடுங்கோ!"

"குடுக்கேலாது."

சட்டையில் குத்தியிருந்த மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. சபை குலுங்கிச் சிரித்தது.

"குடுக்காட்டி நாடகம் முடியாதண்ணை!"

"முடியாட்டிக் கிடக்கட்டும். தாய்வழி சரியில்லை!"

என்ன நடிப்பு! முந்நூறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நிரூபா சிரிக்கவில்லை. தன் கையை உருவி எடுத்தாள். கீதனின் கையைப் பிடித்தாள். மேடைப் படிகளில் இறங்கி, சபைக்கு நடுவால் நடந்து, வாசலைத் தாண்டிப் போனாள். சபை எழுந்து நின்று கைதட்டியது. ஏற்றத்தாழ்வு அந்தக் கணமே நொறுங்கியது.

தனியே நின்ற குலசிங்கம், வேறு வழி தெரியாமல் கும்பிட்டார்.

தேநீரும் ரோல்ஸும் பரிமாறப்பட்ட இடத்தில், பொருளாளர் ஜெயரட்ணம் ஓடிவந்து அவர் கையைப் பற்றினார். கண்கள் கலங்கியிருந்தன.

"அண்ணை, சாதி பாக்கிற தகப்பன்மாருக்கு நல்ல செருப்படி!"

பிறகு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அதுசரி, உந்தப் பெடியன் ஊரிலை எவடம்?"

அவருக்குப் பின்னால், ரோல்ஸ் ஆறினாலும் பரவாயில்லை என்று, எழுந்து நின்று கைதட்டியவர்களில் இன்னும் பதினேழு பேர் அதே கேள்வியோடு வரிசையில் நின்றார்கள்.