மச்சத் தடைச் சட்டம்

மார்ச் மாதக் கடைசித் திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கு, இசிதோரோ தன் வீட்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்.

ஸ்பெயின் நாட்டுச் செவில்லா நகரத்தில் துணிமேல் இருக்கும் புள்ளிக்கும் தோல்மேல் இருக்கும் மச்சத்துக்கும் ஒரே பெயர்தான். லுனார் என்பார்கள். மச்சம் போட்ட பாவாடை, மச்சம் போட்ட முக்காடு, மச்சம் போட்ட விசிறி என்று ஊரே பேசும். ஏப்ரலில் திருவிழா வந்தால் அந்த ஊரில் மச்சம் இல்லாத பெண்ணே கிடையாது.

இசிதோரோ நகரப் பேருந்து ஓட்டுபவர். திருவிழா மைதானத்துக்குப் போகிற வண்டி. அந்த ஒரு வாரம் முழுக்க அவர் வண்டியில் ஏறுவது மனிதர்களா, மச்சங்களா என்று அவருக்கே தெரியாது. கண்ணாடியில் பார்த்தால் சிவப்பில் வெள்ளை, வெள்ளையில் கறுப்பு, பச்சையில் மஞ்சள். தலை சுற்றிப்போய் வீட்டுக்கு வந்தால் அங்கேயும் மேசை விரிப்பில் மச்சம், சமையல் கையுறையில் மச்சம், காபிக் கோப்பையில் மச்சம். போன வருடம் சூப்பில் கிடந்த மிளகைப் பார்த்தே அலறிவிட்டார்.

ஆகவே சட்டம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்: "இன்று முதல் இந்த வீட்டில் மச்சம் கூடாது. இப்படிக்கு, குடும்பத் தலைவர்."

மனைவி என்கார்னா கையைத் துடைத்துக்கொண்டு வந்து படித்தாள்.

"எந்த மச்சமும் கூடாதா?"

"எந்த மச்சமும்."

"பெருசா இருந்தாத்தானே கண்ணைக் குத்துது? சின்னது இருந்துட்டுப் போகட்டுமே."

"சின்னதும் கூடாது!"

"நல்லா யோசிச்சுத்தான் எழுதினியா?"

"யோசிச்சுத்தான். கீழ கையெழுத்தே போட்டிருக்கேன், பாரு."

"பார்த்தேன். எழுத்து அழகா இருக்கு" என்றாள் என்கார்னா. சண்டை போடவில்லை. அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும். இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு அது கூடத் தெரியவில்லை.

புதன்கிழமை மதியம் சாப்பிட வந்தார். வீடு வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. விரிப்பைக் காணோம். கையுறையைக் காணோம். கோப்பைகள் எல்லாம் மொட்டை. இசிதோரோவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு ராஜா மாதிரி நாற்காலியில் சாய்ந்தார்.

அடுப்படியிலிருந்து என்கார்னா திரும்பினாள். இடது உதட்டோரத்துக்குக் கீழே ஒரு வெள்ளைப் பிளாஸ்திரி.

அந்த இடத்தில்தான் அது இருந்தது. பயறு அளவு, கறுப்பாக, ஒரே ஒரு மச்சம். இருபத்தேழு வருடத்துக்கு முன் அவர் வண்டியில் ஏறி, சில்லறை இல்லை என்று அவள் சிரித்தபோது மேலே ஏறி இறங்கிய மச்சம். அதைப் பார்த்துக்கொண்டே அன்று மூன்று நிறுத்தங்களை நிறுத்தாமல் தாண்டிப் போனார்.

"எ... என்னது இது?"

"சட்டம்."

"எங்கே அது?"

"எது?"

"மச்சம்டீ!"

"அந்தப் பேச்சே இந்த வீட்டுல கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கே."

"நான் துணியைச் சொன்னேன்!"

"துணின்னு எங்க எழுதியிருக்கு? படிச்சுக் காட்டட்டுமா? சின்னதும் கூடாதுன்னு வாயாலயும் சொன்ன."

இசிதோரோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வலிச்சுதா?" என்றார்.

"சூப்பு ஆறிடும், சாப்பிடு."

சாப்பாடா இறங்கும்? சட்டத்தைக் கிழித்தார். நாலாக, எட்டாக, பதினாறாகக் கிழித்தார். போன மச்சத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஊரில் உள்ள மற்ற மச்சத்தையாவது கொண்டுவந்து அவள் காலடியில் கொட்டலாம். கதவைத் திறந்து போட்டபடி ஓடினார்.

தெருமுனைத் துணிக்கடையில் மதிய இடைவேளைக்குக் கதவை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பாதி மூடிய கதவுக்குக் கீழே குனிந்து நுழைந்தார்.

"மச்சம் வேணும்!"

"எவ்வளவு பெருசு, என் உயிரே?" என்றாள் கடைக்காரி. அவளுக்கு வாடிக்கையாளர் எல்லாருமே உயிர்தான்.

"பயறு அளவு."

"நெருக்கமாவா, தள்ளித் தள்ளியா?"

"ஒண்ணே ஒண்ணு. உதட்டுக்குக் கீழ, இடது பக்கம்."

கடைக்காரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஒத்த மச்சத் துணி இன்னும் வரலை, என் உயிரே. ஆயிரம் ரெண்டாயிரம்னா இருக்கு."

"எல்லாத்தையும் குடும்மா!"

சிவப்பில் கறுப்பு மச்சம், எட்டு மீட்டர். தோளில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க வந்து மனைவி மடியில் வைத்தார்.

"என்னை மன்னிச்சிடு. வீடு பூரா மச்சமாக்கு. கூரைக்கும் அடி. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"சத்தியமா?"

"உன்மேல சத்தியமா."

என்கார்னா பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெம்பி, சர்ரென்று உரித்தாள். மச்சம் இருந்தது. அதே இடத்தில், அதே பயறு அளவில், கொஞ்சம் பசை ஒட்டிக்கொண்டு.

"அப்ப டாக்டர்...?"

"டாக்டர்னு நான் வாயே திறக்கலையே? நான் பிளாஸ்திரி ஒட்டினேன். அவ்வளவுதான். கிழிச்சது நீ, ஓடினது நீ."

கோபம் வரவேண்டிய இடம். இசிதோரோவுக்கு வரவில்லை. தன்னைப் படைத்தவருக்கும், அவளைப் படைத்தவருக்கும், எளிதில் உரிகிற பிளாஸ்திரியைச் செய்தவருக்கும் மனதார நன்றி சொன்னார். பிறகு அந்த மச்சத்தில் ஒரு முத்தம். இப்படி ஒருத்தி வாய்க்க எனக்கு என்ன தகுதி என்று நிஜமாகவே நினைத்துக்கொண்டார். மச்சக்காரன்தான், சந்தேகமில்லை.

"சரி, திருவிழாவுக்கு இதுல உனக்குப் பாவாடை தைச்சுக்கோ" என்றார் தாராளமாக.

"என் பாவாடை போன மாசமே தைச்சாச்சு. தையல்காரி ஆங்குஸ்தியாஸ் வீட்டுல தொங்குது. பச்சையில வெள்ளை மச்சம்."

"அப்போ இது?"

"உனக்குச் சட்டை. மீதியில ஜன்னலுக்குத் திரை. பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்க."

இசிதோரோ துணியைத் தன் தோளில் வைத்துப் பார்த்தார். "என் அளவு தையல்காரிக்கு எப்படித் தெரியும்?"

"நீ சட்டம் போடறதுக்கு முந்தின நாள், ஞாயித்துக்கிழமை மத்தியானம், குறட்டை விடும்போது ரெண்டு பேருமாச் சேர்ந்து எடுத்துட்டோம். தோள், கை எல்லாம் சரியா வந்துச்சு. வயித்துக்கு மட்டும் நாடா பத்தாம, இன்னொண்ணைச் சேர்த்து முடிச்சுப் போட்டோம்."