ஆடி கழித்து ஆஸ்திரேலியா

எனக்கு மாதம் எண்ணத் தெரியாது. இங்கே பொறியியலும் ஆஸ்திரேலியாவில் முதுகலையும் படித்தவன்தான். ஆனாலும் தெரியாது.

கும்மிடிப்பூண்டியிலிருந்து நான் கிளம்பும் நேரம் பார்த்து ஆடி பிறந்துவிட்டது. அங்கே ஜூலைக் கடைசியில் வகுப்பு ஆரம்பம். அம்மா என் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். "ஆடியில ஊட்ட உட்டு அனுப்ப மாட்டேன். ஆவணி பொறந்ததும் போ."

முதல் சில வாரம் ஆன்லைனில் படிக்கலாம் என்று கல்லூரியும் சொல்லிவிட்டது. ஆடிக்கூழ் குடித்துக்கொண்டே பாடம் கேட்டேன். சிப்காட்டில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கும் அப்பா மட்டும் முனகினார்.

"கேட்டாண்ட கார்டு பஞ்ச் பண்ண நேரத்துலேர்ந்துதான்டா கணக்கு. ஊட்ல குந்திக்கினு இருந்த நேரம் சேராது."

(அப்பாவுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அப்போது எனக்கு அந்த வியாதி முற்றியிருந்தது.)

படிப்பு முடிந்ததும் அங்கேயே தங்கி வேலை பார்க்கத் தற்காலிகப் பட்டதாரி விசா உண்டு. அதற்கு அந்த மண்ணில் குறைந்தது பதினாறு மாதம் படித்திருக்க வேண்டும். இங்கே படித்ததைக் காட்டி இரண்டாண்டுப் படிப்பில் ஒரு செமஸ்டரைக் கழித்துக்கொண்ட மேதாவி நான். அடுத்த ஆண்டு நவம்பரில் படிப்பு முடியும். விரல் விட்டு எண்ணினேன். ஆகஸ்ட் ஒன்று, செப்டம்பர் இரண்டு என்று போய் நவம்பர் பதினாறு. அம்மாவிடம் போனில் ஒப்பித்தேன்.

"கரெக்டா கீது நைனா. மாசத்தத் தொட்டாலே ஒரு மாசந்தான். உன்ன பத்து மாசம் சொமந்தேன்னு பின்ன எப்டி எண்ணேன்?"

ஜனவரியில் சேரச் சொல்லி ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்துவிட்டது. விசா மட்டும்தான் பாக்கி. முன்பு படிக்க விசா வாங்கிக் கொடுத்த திருவள்ளூர் ஏஜென்ட் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"நீ அங்க எறங்கன தேதி இன்னா?"

"ஆகஸ்ட் இருபது."

"பதினஞ்சு மாசமும் சில்லறையுந்தான்பா வருது. ஜூலைல இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"ஆடிண்ணா."

"ஆடியா," என்றார். போனை வைத்துவிட்டார்.

நூலகக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒரு முழு மாதம்கூட இல்லை, சில நாட்கள்தான் குறைந்தன. இன்னொரு படிப்பில் சேர்ந்து ஈடுகட்ட வீட்டில் தெம்பில்லை. வர முடியாது என்று அந்தக் கம்பெனிக்கு எழுதிய மெயிலை ஒன்பது முறை திருத்தினேன். காரணம் என்று ஆடியை எப்படி எழுதுவது? வாழ்க்கையே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றால், "மார்கழியில வந்து நிக்கிறியே, தை பொறந்து வரக் கூடாதா?" என்றார் அம்மா.

இப்போது கல்யாணமும் ஆகி, அப்பா வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் இருக்கிறேன். கேட்டில் கார்டு பஞ்ச் செய்யும்போதெல்லாம் நேரத்தை இரண்டு முறை பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் கர்ப்பமாக இருக்கும் என் மனைவியை டாக்டரிடம் கூட்டிப் போனோம். அப்பாவும் வந்தார். எத்தனை மாதம் என்று டாக்டர் கேட்டார். நான் விரலை மடக்க ஆரம்பித்ததும் அப்பா குறுக்கே வந்தார்.

"அவன் சொல்றதுல ஒண்ணு கொறச்சி எழுதிக்கோங்க மேடம்."