பஜ்ஜிக்கு ஏற்ற ஒயின்

சிலருக்குப் பதற்றம் வந்தால் வாய் அடைத்துக்கொள்ளும். எனக்கு வியாபாரம் வந்துவிடும். பெங்களூரில் ஓர் ஒயின் கடையில், வருகிறவர்கள் என்ன சாப்பிடப் போகிறார்கள் என்று கேட்டு அதற்குத் தோதான பாட்டிலை எடுத்துத் தருவது என் வேலை. அதிலும் பிரெஞ்சு பாணி ஒயின் என்றால் எனக்கு உயிர். பேச ஆரம்பித்தால் சோறு தண்ணி வேண்டாம்.

நெய்வேலியில் இதை வெளியே சொல்ல அம்மாவுக்குக் கூச்சம். ("ஒயின் ஷாப்புல பொம்பளப் புள்ள நிக்கிறான்னு எப்புட்றி சொல்றது?") அப்பா மைன்ஸில் பெர்மனென்ட். ரிட்டயர் ஆகச் சில மாதங்களே இருந்தன. ஆனதும் கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் நான் பிறந்து வளர்ந்த அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டு என்னைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரே ஆசை. அதனால், கம்மாபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம் நான் பழரசக் கம்பெனியில் இருப்பதாக அம்மா சொல்லிவைத்திருந்தார். எனக்கு உத்தரவு: "வாயத் தொறக்காத. கேட்டா சிரி."

சிரித்தேன். பட்டுப்புடவையில் வியர்க்க வியர்க்கச் சிரித்தேன். மாப்பிள்ளையின் அம்மா வாழைக்காய் பஜ்ஜியைக் கடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. எண்ணெதான் நெஞ்சுலயே நின்னுக்கினு இருக்குது" என்றார்.

"அதுக்கு ப்ரூட் எடுத்துக்கோங்கம்மா" என்றது என் வாய். "சில்லுன்னு, நுரையோட. எண்ணெய அப்படியே கழுவி விட்டுடும்." (ப்ரூட் என்றால் தித்திப்பில்லாத நுரை ஒயின்.)

"உங்க கம்பெனி ஜூஸாம்மா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். (புத்தி இருந்தால்தானே!) "நம்ம நாசிக் திராட்சைதாங்க. ஆனா பிரான்ஸ்ல மாதிரியே பாட்டிலுக்குள்ள ரெண்டாந்தடவ நொதிக்க விடுவாங்க. கேசரிக்கு இது ஆவாது. அதுக்குத் தித்திப்பா ஒண்ணு இருக்கு, பண்ருட்டி பலாச்சுளையோட சாப்பிட்டா அள்ளும்..."

சமையலறை வாசலில் அம்மா கண்ணாலேயே கும்பிட்டார். நான் மாப்பிள்ளையின் அப்பா கையிலிருந்த முந்திரிக்குப் போய்விட்டிருந்தேன். "முந்திரிக்கு செனின் பிளாங்க், வெள்ளைத் திராட்சையில பண்றது. இது என் சொந்த சிபாரிசுங்க."

அவர் முந்திரியைத் தட்டில் திரும்ப வைத்தார். "நொதிக்க விடறதுன்னா... சரக்காம்மா?"

"பன்னெண்டு பர்சென்ட்தாங்க" என்றேன், ஆறுதலாக.

காபி ஆறுவதற்குள் அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். அம்மா பாத்திரங்களின் மேல் கோபத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் புடவையோடு கட்டிலில் கவிழ்ந்து அழுதேன். அப்பா மீந்த பஜ்ஜித் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பந்தல் போச்சேப்பா" என்றேன்.

"பந்தல எங்க வேணாலும் போட்டுக்கலாம்மா. வூடு கம்பெனியுது, குடுத்துட்டுத்தான் போவணும்." ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். "நீ பேசச்சொல்ல உம் மூஞ்சியப் பாத்துக்கினே இருந்தேன். எவ்ளோ சந்தோசமாப் பேசற! அந்த நுரை ஒயின் எப்படித்தான் இருக்கும்?"

அப்பா குடிக்கவே மாட்டார். பச்சை ஆப்பிள் புளிப்பையும், அப்போதுதான் சுட்ட பன் வாசனையையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன். ஆறிப்போன பஜ்ஜியை மென்றபடி, கடைக்கு வந்த முதல் ஆள் போல அவ்வளவு கவனமாகக் கேட்டார். என் அப்பாவை அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து முத்தாண்டிக்குப்பத்தில் வாடகைக்கு வந்தபின் இன்னொரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. அவர்கள் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "முதல்லயே சொல்லிடறேங்க, எம் பொண்ணு ஒயின் விக்கறா. ரொம்ப நல்லா விக்கறா" என்றார் அப்பா. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

வந்த அம்மாள் யோசித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அப்ப கருவாட்டுக் கொழம்புக்கு எது நல்லாருக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த அம்மாள்தான் இப்போது என் மாமியார். ஒவ்வொரு தடவை கருவாட்டுக் குழம்பு வைக்கும்போதும், "எங்க வூட்டு ஒயின்காரிக்கு இன்னும் பதில் தெரியல" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வார். பிறகு எனக்கு இன்னொரு கரண்டி ஊற்றுவார்.