ப்ளூ டிக் மாமா புறப்பட்டுவிட்டார்

உலகத்திலேயே வாட்ஸ்அப் மெசேஜுக்கு மொபெட்டில் பதில் அனுப்புகிற ஒரே மனிதர் எங்கள் பாகூர் ப்ளூ டிக் மாமாதான். அனுப்புவதாவது, அவரே வருவார்.

நீங்கள் அவருக்கு ஒரு மெசேஜ் போடுவீர்கள். டிக் இரண்டும் நீலமாகும். அவ்வளவுதான், அதற்கு மேல் போனில் ஒன்றும் நடக்காது. அந்த நேரம் மாமா சட்டையை மாட்டிக்கொண்டு மொபெட்டை உதைத்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் உங்கள் வாசலில் வந்து நின்று, "சரிப்பா" என்பார். திரும்பிப் போய்விடுவார். எங்கள் தெருவில் யாராவது அவருக்கு மெசேஜ் போட்டு டிக் நீலமானால், "வராரு, கொடியில கெடக்கிற துணிய எடுத்து உள்ள போடு" என்று ஒரு குரல் கேட்கும்.

தெரு குரூப்புக்கு நான்தான் அட்மின். தெருவை விட்டு வெளியூர் போனவர்களும் அதில் இருக்கிறார்கள். அந்தப் பாவத்துக்கு ஒரு நாள் குரூப்பில் ஒரு ஜோக் போட்டேன். எல்லோரும் மரியாதையாகச் சிரிப்புப் பொம்மை போட்டு முடித்துக்கொண்டார்கள். மாமா கிளம்பி வந்தார். நான் வாசலில் மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே நின்று, வயிறு குலுங்க, தொடர்ந்து சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருந்துச்சிமா" என்று சொல்லிவிட்டுப் போனார். மீன் வாசனைக்குக் காத்திருந்த பூனை அதோடு இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

இன்னொரு நாள், 'இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும்' என்று யாரோ அவருக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டார்கள். மாமா பத்து வீடு ஏறி இறங்கி அதை ஒப்பித்தார். கடைசி வீடு என்னுடையது.

"நல்ல சேதி வந்துச்சா மாமா?" என்றேன்.

"வந்துச்சிமா. முன்னாடி வூட்ல பணியாரம் குடுத்தாங்க."

பொறுக்க முடியாமல் ஒருமுறை கேட்டே விட்டேன். "ஒரு கட்டைவிரல் பொம்மையத் தட்டிவுட்டா வேலை முடிஞ்சிது. எதுக்கு இந்த வெயில்ல அலையறீங்க?"

"நம்மள மதிச்சி ஒருத்தர் சேதி சொல்றாரு. அவருக்குப் போயி கட்டவெரல ஆட்டிக் காட்டனா நல்லாவா இருக்கும்?" என்றார். கல்யாணமோ சாவோ, வீட்டு வாசலில் வந்து சொன்னால்தான் எங்கள் பக்கம் சொன்னதாகக் கணக்கு. மாமா அந்த வழக்கத்தைக் குட்மார்னிங் வரைக்கும் நீட்டிவிட்டார், அவ்வளவுதான்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, அவர் மகள் சங்கீதாவின் கல்யாணப் பேச்சு வரும் வரை. மாமாவுக்கு அவளைவிட்டால் வேறு யாரும் இல்லை. பிள்ளையார்குப்பத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். மாப்பிள்ளை அங்கேயே லேப்பில் வேலை. அவனுடைய அம்மா, வில்லியனூர் மலர் அக்கா, முன்பு என்னோடு வேலை பார்த்தவர். ஆகவே நடுவில் நான். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், கலந்து பேசிவிட்டு மெசேஜ் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். மெசேஜ் என்றதுமே எனக்கு மாமாவின் மொபெட்தான் ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மலர் அக்கா மாமாவுக்கு மெசேஜ் போட்டார். 'எங்களுக்குச் சம்மதம். உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.' டிக் நீலமானது. பதில் இல்லை. ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டு மணி நேரமும் போயிற்று. மலர் அக்கா எனக்கு போன் செய்தார்.

"இன்னாமா இது? பாத்துட்டுப் பேசாம இருந்தா இன்னா அர்த்தம்? புடிக்கலன்னுதானே? இன்னொரு எடத்துல கேட்டுக்கினே இருக்காங்க. சாயங்காலம் அவங்களுக்குச் சொல்லிடப் போறன்."

"ஐயோ அக்கா, அவரு பதில் சொல்லத்தான் வந்துக்கினு இருப்பாரு" என்றேன்.

"பாகூர்லேந்து வில்லியனூருக்கு இவ்ளோ நேரமா? நீ ஒண்ணும் மூடி மறைக்காத."

அவர் கேட்டதும் நியாயம்தான். தெருமுனையில் இருக்கும் மாமா வீட்டுக்கு ஓடிக்கொண்டே அவர் நம்பருக்கு அடித்தேன். அவருடைய வீட்டு ஜன்னலுக்குள் மணி அடித்தது. பதில் சொல்லப் போகும்போது மாமா போன் எடுத்துப்போவதில்லை. பதிலாக நானே போகிறேன், பிறகு போன் எதற்கு என்பார். டியூட்டியிலிருந்து சங்கீதா கூப்பிட்டு, "அக்கா, எனக்கு அவரத்தான் புடிச்சிருக்கு. அப்பா இப்படிப் பண்ணிட்டாரே" என்று அழுதாள். எனக்கு மாமாவை அடிக்க வேண்டும் போலிருந்தது.

குரூப்பில் போட்டேன்: 'ப்ளூ டிக் மாமாவை யாராவது பார்த்தீர்களா? அவசரம்.'

பதில்கள் கொட்டின. 'கடைத்தெருவில் வாழைப்பழம் வாங்கினார்.' 'கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சிரித்துவிட்டு இப்போதுதான் போனார். நேற்று நான் போட்ட வீடியோவுக்காம்.' 'மங்கலத்தில் என் மகளுக்கு ஹேப்பி பர்த்டே சொல்லிவிட்டு கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.'

விஷயம் புரிந்துவிட்டது. மெசேஜ்கள் வந்த வரிசையில்தான் பதில் சொல்லிக்கொண்டு போகிறார். சம்பந்தம் வரிசையில் பின்னால் நிற்கிறது. எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மலர் அக்காவுக்கு அனுப்பினேன். டிக் நீலமானது. பதில் இல்லை. அந்தப் பத்து நிமிஷத்தில் எனக்கு இருந்த ரத்தக்கொதிப்பு மொத்தமும் தலைக்கேறிவிட்டது.

அப்புறம்தான் தெரிந்தது. அக்கா படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்து, போனை உள்ளே போட்டுவிட்டு, இப்படி ஒரு மனிதர் எப்படித்தான் வருவார் பார்ப்போம் என்று வாசலில் போய் நின்றிருக்கிறார். மாமா வந்தார். கேரியரில் பாதி நசுங்கிய வாழைத்தார், ஹேண்டில்பாரில் மல்லிகைப்பூ. இரண்டையும் அக்கா கையில் கொடுத்து, "எங்களுக்கும் சம்மதம்மா" என்றார். சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

மலர் அக்கா கேரியரைப் பிடித்துக்கொண்டார். "உள்ள வாங்க சம்பந்தி, ஒரு காபியாவது குடிச்சிட்டுப் போங்க."

"இல்லமா, அரியாங்குப்பத்துல ஒருத்தரு குட்மார்னிங் போட்டிருக்காரு. மத்தியானம் ஆவுது, இன்னும் சொல்லல."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சங்கீதா வில்லியனூருக்குப் போனதும் மாமா ஒடுங்கிப்போனார். குரூப்பில் நான் என்ன ஜோக் போட்டாலும் வந்து பாதிதான் சிரித்தார். அவரைக் கிண்டல் செய்யாமல் எனக்கு ஒரு நாளும் போகாது. அவர் அப்படி வாடி நின்றது எனக்குத் தாங்கவில்லை. நல்லவேளை, சங்கீதா அப்பாவைத் தெரிந்தவள். டியூட்டி இல்லாத நாட்களில் சமையலை முடித்ததும், 'சாப்டியாப்பா?' என்று ஒரு மெசேஜ் போடுகிறாள். மாமா வெயிலில் வில்லியனூர் வரைக்கும் போய், அவள் வாசலில் நின்று, "இல்லமா" என்கிறார்.