ஏழு நாற்பது பஸ்

ஃபிராங்க்ளின் ஐந்தரைக்கு எழுந்தார். பால் காய்ச்சினார். பழக்கத்தில் இரண்டு டம்ளர் எடுத்தார்; இப்போது தனியாள்தானே என்று ஒன்றைத் திரும்ப வைத்தார். சட்டையை இஸ்திரி போட்டார். ஏழரைக்கு பெங்களூரு அடுகோடி பஸ் ஸ்டாப்பில் நின்றார்.

கல்லூரியில் அவர் புள்ளியியல் ஆசிரியர். ஏழு நாற்பது பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று மாணவர்கள் ஐந்து நாள் குறிக்க வேண்டும். அதுதான் பாடம்.

"இது சொதப்புனா அடுத்த செமஸ்டர் தெருவுல கிளாஸ் கிடையாது. போர்டு, சாக்பீஸ், அவ்ளோதான்" என்று துறைத்தலைவர் ராதா சொல்லியிருந்தார்.

கழுத்தில் ஐ.டி. கார்டோடு மாணவர்கள் சௌம்யாவும் யுவனும் நோட்டைத் திறந்தார்கள்.

"என்னம்மா எழுதறீங்க?" டிபன் பையோடு நின்ற அன்னம்மாள் கேட்டார். அபார்ட்மென்ட்டில் வீட்டு வேலை செய்பவர்.

"பஸ் எவ்ளோ லேட்டுன்னு, ஆன்ட்டி."

"நல்லா எழுது. டெய்லி வீட்டம்மாகிட்ட திட்டு வாங்கறேன்."

அன்று, திங்கட்கிழமை, இருபத்தெட்டு நிமிடம் தாமதம். அன்னம்மாள் ஏறி, கண்டக்டரிடம் பேசிக்கொண்டே போனார்.

செவ்வாய்க்கிழமை பஸ் சரியாக ஏழு நாற்பதுக்கு வந்தது.

"கார்டைப் பாத்து பயந்துட்டாங்க சார்" என்றான் யுவன்.

புதன்கிழமை கார்டு இல்லை, நோட்டு இல்லை. யுவன் லுங்கி கட்டி, இளநீர் வண்டியருகே நின்றான். ஏழு நாற்பது. டிரைவர் புதுச் சீருடையில் இருந்தார். கண்டக்டர் யுவனைப் பார்த்து, "ஏறுங்க சார்" என்றார்.

"எப்படிடா கண்டுபிடிக்கறாங்க?" ஃபிராங்க்ளினுக்குப் புள்ளியியலே மறந்துபோனது.

வியாழக்கிழமை மாணவர்களை அனுப்பிவிட்டு, அவர் மட்டும் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் ஒளிந்தார். ஏழு நாற்பது. டிரைவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு சல்யூட் அடித்தார்.

ராதா தாளைப் பார்த்தார். "இருபத்தெட்டு, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். வீட்ல உக்காந்து எழுதினதா ஃபிராங்க்ளின்? நாளைக்குள்ள காரணம் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை அவர் ஒளியவில்லை.

"இன்னைக்கோட முடிஞ்சுதும்மா" என்றார் அன்னம்மாளிடம்.

"ஐயோ, போயிடாதீங்க சார்! இந்த வாரந்தான் திட்டு வாங்காம இருக்கேன்."

"பஸ் நேரத்துக்கு வர்றதுக்கு நான் என்ன பண்ணேன்?"

ஏழு நாற்பது. பஸ் வந்து நின்றது. அன்னம்மாள் படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினார்.

"நீங்கல்லாம் வேஷம் மாத்தி மாத்தி வர்ற செக்கிங் ஆபீசருங்கன்னு மொத நாளே கண்டக்டர்கிட்ட சொல்லி வச்சது நான்தானே சார்!"