எர்மெலிந்தாவின் இருள்வட்டம்

எல்கிப் பள்ளத்தாக்கில் அந்த வருஷம் மழை பொய்த்தது, திராட்சை காய்ந்தது, குருநாதர் என்று ஊர் கொண்டாடிய மாயெஸ்த்ரோ எவாரிஸ்தோ மட்டும் செழித்தார். அவர் தலைநகர் சாந்தியாகோவில் மெத்தை விற்றவர் என்று பஸ் டிரைவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலின் வெள்ளைச் சுவரோரம் ஜனம் வரிசை கட்டி நிற்கும். பூசையைப் பாதியில் விட்டுவிட்டு இடம் பிடிக்க ஓடிய பக்தர்களும் உண்டு.

சுவரில் சாய்ந்து நின்றால் போதும், மாயெஸ்த்ரோ உங்கள் இருள்வட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். பார்ப்பதற்கு அவர் மாட்டிக்கொண்டது கிரகணத்துக்கு வாங்கி எல்லார் வீட்டிலும் மிஞ்சிக் கிடந்த அட்டைக் கண்ணாடி. அதைப் போட்டால் சூரியனைத் தவிர உலகத்தில் ஒன்றும் தெரியாது, ஒரே கும்மிருட்டு. இருளைப் பார்க்க இதைவிட உசத்தியான கருவி ஏது?

இதில் தூக்கம் தொலைத்தவள் யாஸ்னா. மலைமேல் வானாய்வுக் கூடத்தில் வேலை. பெரிய விண்மீன் மண்டலங்களைச் சுற்றிவரும் குட்டி மண்டலங்களை ஆராய்வது அவள் பிழைப்பு. போன கோடையில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றிப் பேசினாள். ஒவ்வொரு மண்டலமும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இருள்வட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது, வட்டம் கனக்கக் கனக்கச் சுற்றும் குட்டிகளும் அதிகம் என்றாள். ஊர் ஜனம் அதுவரை கண்ட வட்டமோ, கோயிலில் புனிதர்களின் தலைக்குப் பின்னால் இருக்கும் ஒளிவட்டம் ஒன்றுதான். புனிதருக்கு ஒளி என்றால் இருள் யாருக்கு? பாவிக்குத்தானே. முன்வரிசையில் கறி அடைத்த எம்பனாதாவைக் கடித்துக்கொண்டிருந்த எவாரிஸ்தோ அந்த இடத்தைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். யாராவது சந்தேகப்பட்டால், படித்த பெண் யாஸ்னாவே சொன்னதுதானே என்று அவளையே சாட்சிக்கு இழுத்தார்.

கடைசியில் அவள் அம்மா எர்மெலிந்தாவே சுவரோரம் போய் நின்றாள். ஏழு பிள்ளை பெற்றவள். ஏழு குட்டிகள் சுற்றுவதால் வட்டம் கோயிலையும் தாண்டிப் பரந்திருக்கிறது, ஆனால் ஓர் ஓரம் கிழிந்துவிட்டது, அந்தக் கிழிசல் வழியாகத்தான் மூத்தவன் நிவால்தோ கலாமா சுரங்கத்துக்கு நழுவிவிட்டான் என்றார் மாயெஸ்த்ரோ. அவன் போனது சம்பளத்துக்கு. பேசாமல் இருப்பது அம்மாவோடு போட்ட சண்டையால். அது ஊருக்கே தெரியும். கிழிசலைத் தைத்துத் தருவதாகச் சொன்ன மாயெஸ்த்ரோ, அதற்கு ஈடாக அவள் பேரில் இருக்கும் வாய்க்கால் தண்ணீர்ப் பங்கைத் தம் தியான இல்லத்துக்கு எழுதித் தரச் சொன்னார். வாய்க்கால் பங்கு இல்லாத நிலம் அந்தப் பள்ளத்தாக்கில் வெறும் கல். எர்மெலிந்தா சரியென்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

யாஸ்னா சமையலறையில் மன்றாடினாள். "அம்மா, முறைத்தண்ணி போச்சுன்னா ஒரு கொடி மிஞ்சாது. அப்புறம் நிவால்தோ திரும்பி வந்தாலும் எங்க வந்து நிப்பான்?"

"நீ கண்ணால பார்க்காத வட்டத்தை நீ நம்பலாம். நான் நம்பினா மட்டும் எனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

கேள்வி நியாயமானது. யாஸ்னா நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"நாங்க அளக்குறோம்மா. அந்தக் குட்டிங்க ஓடுற வேகத்துக்கு எப்பவோ பிச்சுக்கிட்டுப் போயிருக்கணும். போகல. அப்ப ஏதோ கனமான ஒண்ணு பிடிச்சு வச்சிருக்கு. இல்ல, உங்க கணக்கு தப்புன்னு நாளைக்கு ஒருத்தர் காட்டினா நாங்க மாத்திக்கிட்டுத்தான் ஆகணும். உங்க மாயெஸ்த்ரோ அப்படி ஒரு தடவையாவது சோதனைக்கு நிப்பாரா?"

"தாராளமா நிப்பாரு" என்றாள் அம்மா.

நின்றார் மனிதர். அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு நடுவில் யாஸ்னா பணிவாகக் கேட்டாள்: வட்டம் சுவருக்கு அப்பாலும் தெரியுமா? மலைக்கு அப்பாலும் தெரியும் மகளே என்றார். அப்படியானால் பள்ளிக்கூடத்தின் நான்கு வகுப்பறைகளில் ஏதோ ஒன்றில் அம்மா போய்க் கதவைச் சாத்திக்கொள்ளட்டும், எது என்று சரியாகச் சொன்னால் நானே அம்மாவைப் பத்திரம் எழுதக் கூட்டிப்போகிறேன் என்றாள். இலவசமாக ஓர் அற்புதம் கிடைக்கப்போகிறதென்று கூட்டத்துக்கு ஒரே குஷி. எர்மெலிந்தா உள்ளே போய் ஒளியும்வரை எல்லாரும் முதுகைக் காட்டி நின்றார்கள்.

மாயெஸ்த்ரோ அட்டைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடந்தார். முதல் படியிலேயே தடுக்கி விழப்பார்த்தார். ஒரு கதவு, இரண்டு கதவு, ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது கதவுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. உடனே இரண்டு கைகளையும் விரித்தார்.

"அடேயப்பா, எவ்வளவு பெரிய வட்டம். ஏழு குட்டி சுத்துது, அதுல ஒண்ணு தொலைஞ்சிருக்கு. தாய் உள்ள விம்முறது கேக்குதா?"

கேட்டது. இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.  நான்கில் ஒன்றைக் குருட்டாம்போக்கில்கூட அடித்துவிடலாமே, ஒரே சோதனையோடு அம்மாவின் நிலத்தைப் பணயம் வைத்துவிட்டோமே என்று நொந்தபடி யாஸ்னா கதவைத் திறந்தாள்.

உள்ளே பாதிரியாரின் ஆடு. சுவரில் மாட்டியிருந்த சூரியக் குடும்பப் படத்தைச் சனி வரைக்கும் தின்று முடித்திருந்தது.

மாயெஸ்த்ரோ அசரவில்லை. வட்டம் எர்மெலிந்தா அம்மாளுடையதுதான், பாவம் தாங்காமல் ஆட்டின்மேல் ஏறிவிட்டது என்றார். நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. அப்போது ஆட்டுக்கும் சேர்த்துத் தைக்க வேண்டுமா என்று ஒருவர் கவலையோடு விசாரித்தார். இப்படிப்பட்ட ஜனம் வாய்த்தால் யார்தான் மெத்தை விற்பார்கள்?

"மாயெஸ்த்ரோ."

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். எர்மெலிந்தா தலையில் போட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரியின் சால்வையை இறக்கினாள். அற்புதம் நடக்கும்போது அதைப் பார்க்காமல் அடைந்து கிடப்பதா என்று மூன்றாம் அறையின் பின்கதவு வழியாக வந்து கூட்டத்தில் நின்றுகொண்டாளாம். அந்தக் கதவைச் சாத்தத்தான் மறந்துபோனாளாம், ஆடு உள்ளே புகுந்தது அப்படித்தான்.

"இவ்வளவு நேரமா உங்க பின்னாலதான் நிக்கிறேன். கோயிலைத் தாண்டிப் போற வட்டம்னீங்க, அதுக்கு நடுவுலயே நின்னுக்கிட்டு ஒரு ஆட்டைக் காட்டி என் புள்ளை கதையைச் சொல்றீங்களே."  தண்ணீரைக்கூடக் கொடுத்திருப்பாள், மகனை வைத்து விளையாடியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "வட்டம் ஆட்டு மேலதான்னா, பத்திரத்துல ஆடே கையெழுத்துப் போடட்டும். வாய்க்கால் பங்கு என் பேர்ல இருக்கு."

பிறகு மகளைப் பார்த்துக் கையை நீட்டினாள். "போனைக் குடு. நிவால்தோவை நானே கூப்பிடுறேன்."

மாயெஸ்த்ரோ அன்றைய பஸ்ஸிலேயே அடுத்த ஊருக்குப் போனார். அங்கே அவருக்காக வரிசை காத்திருந்ததாம், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்த ஆட்டைத்தான் சொல்ல வேண்டும். சனிக்கு அடுத்து யுரேனஸைத் தின்னப்போன ஆடு, வாயைத் திறக்குமுன் அதை ஒரு தடவை முகர்ந்து பார்த்தது. அந்த அளவுக்காவது நாம் பார்க்கிறோமா?